மெட்டிக்கு அடியில்

வியர்வை என்பது யாது என்பதை இளவேனி தன் இருபத்தேழாம் வயதில்தான் அறிந்தாள். மருத்துவமனைக் கட்டிலில் கால்களைத் தொங்கவிட்டு அமர்ந்திருந்தவள், தன் முன்கையில் திரண்டு நின்ற ஒற்றைத் துளியை நெடுநேரம் உற்று நோக்கினாள். பிறகு அச்சம் கலந்த குரலில் தாயை அழைத்தாள்.

"யம்மா, இங்க பாரேன். கை ஒழுகுது."

உலகம்மாள் எழுந்து வந்து பார்த்தாள். பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகளின் உடம்பு கொப்பளித்துப் புண்ணாகத் தொடங்கிய நாளிலிருந்து அவள் சிரித்ததில்லை.

"ஒழுகலட்டி. வேர்க்குது."

"வேர்வைன்னா இதுதானா? துடைச்சிரவா?"

"செத்த இரு. நானும் பாத்து எத்தன வருசமாச்சு."

தூத்துக்குடியில் அப்போது வாழ்ந்த இளையோர் எவரும் வியர்வைத் துளியைக் கண்டதில்லை. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன், வெயில் மனிதரை வீதியிலேயே வீழ்த்திய கோடைகளைத் தொடர்ந்து, பூச்சு நடைமுறைக்கு வந்தது. பூச்சு எனப்படுவது கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய படலம். உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை அதனைத் தெளிப்பார்கள். ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள். அது வெப்பத்தைத் திருப்பியனுப்பும், தூசியை ஒட்டவிடாது, கிருமியை அண்டவிடாது, வியர்வையைத் துளியாகத் திரளவிடாமல் ஆவியாகவே வெளியேற்றிவிடும். தொப்புள்கொடி அறுத்த கையோடு குழந்தைக்குப் பூச்சிடுவது சட்டமாயிற்று. அது எண்ணற்ற உயிர்களைக் காத்தது என்பதை மறுப்பதற்கில்லை. உலகம்மாளும் ஒருநாளும் மறுத்ததில்லை.

ஆனால் இளவேனியின் உடம்பு மறுத்தது. துறைமுகத்தில் கிரேன் இயக்கிக்கொண்டிருந்த பெண், ஆடி மாதத்தில் ஒருநாள் கழுத்தெல்லாம் செந்தடிப்புடன் வீடு திரும்பினாள். ஆவணியில் தடிப்புகள் கொப்புளங்களாயின. பூச்சின் வேதிப்பொருளை உடம்பு பகையாகக் கருதத் தொடங்கிவிட்டது என்றும், இனி அதனை எக்காலத்திலும் பூச இயலாது என்றும் மருத்துவர்கள் அறிவித்தனர். புரட்டாசியில் பூச்சினைக் கரைத்தெடுத்தார்கள். அதன் அடியில் வெளிப்பட்ட தோல், ஈரத்தாளைப் போல் மெலிந்தும் சிவந்தும் இருந்தது.

சிகிச்சையின் பொறுப்பு டாக்டர் பிலோமினா மச்சாடோவிடம் இருந்தது. நரைத்த தலையும் உரத்த குரலும் உடைய பெண்மணி. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, தாய்க்கும் மகளுக்கும் நேர் எதிரே அமர்ந்தார்.

"உங்க வீட்டுக்காரர் உப்பளத்துல மேஸ்திரியா இருந்தார்னு சொன்னீங்கல்ல? மழைக்கு முன்னாடி உப்பு அம்பாரத்த என்ன செய்வாங்க?"

"பனை ஓலையப் போட்டு மூடுவாவ."

"ஒரே ஓலையா?"

"ஒரு ஓலை எங்கன காணும்? ஒண்ணு மேல ஒண்ணா, மீன் செதிலு கணக்கா அடுக்கணும். நடுவுல இண்டு இடுக்கு இருந்துச்சுன்னா தண்ணி எறங்கி உப்பு கரைஞ்சி போயிரும்லா?"

"அம்புட்டுத்தான் தோலும்" என்றார் மருத்துவர். "மேல இருக்கிறது பூரா காஞ்ச செல்லுங்க. செத்ததுதான், ஆனா அதுதான் ஓலை. ஓலைக்கும் ஓலைக்கும் நடுவுல கொழுப்பு பூசியிருக்கும். உடம்புத் தண்ணி வெளிய போகாது, வெளிய இருக்கிற விஷம் உள்ள வராது. நாம என்ன செஞ்சோம்? மேல ஒரு தார்ப்பாயப் போட்டுட்டோம். தார்ப்பாய்தான் இருக்கே, இனிமே ஓலை எதுக்குன்னு தோலு வேலைய விட்டுருச்சு. இப்பத் தார்ப்பாயையும் உருவியாச்சு."

"அப்ப நான் கரைஞ்சிருவேனா டாக்டர்?" என்று கேட்டாள் இளவேனி. கேலியாகத்தான் கேட்டாள். மருத்துவர் சிரிக்கவில்லை.

"மழைக்காலம் முடியிற வரைக்கும் பயமில்ல, காத்துல ஈரம் இருக்கும். பங்குனி வெயில் வர்றதுக்குள்ள உன் தோலு சொந்தமா ஓலை மேயப் படிக்கணும். இல்லன்னா ஈர அறைக்குத்தான் போகணும்."

ஈர அறை எனப்படுவது யாவருக்கும் தெரிந்ததே. கண்ணாடிச் சுவர்களுக்கு உள்ளே, செயற்கை மூடுபனி நிறைந்த ஒரு கூடம். பூச்சு ஒவ்வாதவர்கள் அங்கே வாழ்ந்தார்கள். ஈரத்திற்குப் பழகிவிட்ட தோல் வறண்ட காற்றை மறுபடி தாங்காது. ஆதலால் உள்ளே சென்றவர் எவரும் வெளியே வந்ததில்லை. உறவினர்கள் கண்ணாடிக்கு இப்புறம் நின்று கையசைப்பார்கள்.

உலகம்மாள் மகளின் கையைப் பற்றினாள். பூச்சணிந்த தன் விரல்களின் வழியே அந்தக் கையின் சூடு அவளுக்கு ஏதோ தொலைவிலிருந்து வருவதுபோல் வந்து சேர்ந்தது.

*

ஐப்பசி மழை தொடங்கியது. இளவேனி வீட்டிற்கு அழைத்து வரப்பட்டாள். இரசாயனப் பொருள் எதனையும் உடம்பில் படவிடக் கூடாது என்பது மருத்துவரின் கட்டளை. உலகம்மாள் அதனை வேதவாக்காகக் கொண்டாள். சோப்பு, ஷாம்பு, வாசனைத் தைலம் ஆகிய அனைத்தையும் மூட்டையாகக் கட்டி வெளியே போட்டாள்.

இரண்டு வாரங்களில் இளவேனியின் முதுகிலும் தோளிலும் வெண்மையான பொருக்கு மெல்லியதாகப் படரலாயிற்று. அதனைக் கண்ணுற்ற உலகம்மாளின் உள்ளம் பூரித்தது. அவள் அதனை முன்பே அறிவாள். பூச்சு வருவதற்கு முந்திய காலத்தில், செவ்வாயும் வெள்ளியும் எண்ணெய் தேய்த்து, பயத்தமாவைக் குழைத்துப் பூசி, பீர்க்கங்காய் நாரால் முதுகைத் தேய்த்தால், திரி திரியாக உருண்டு விழுமே, அந்த அழுக்கு! அழுக்குச் சேர்கிறதென்றால் தோல் பழைய நிலைக்குத் திரும்புகிறது என்பதுதானே பொருள்? அவள் கடைத்தெருவெங்கும் அலைந்து பயறு வாங்கி வந்து திரித்தாள். பின்வீட்டுக் கொடியில் முற்றிக் காய்ந்து கிடந்த பீர்க்கங்காயைக் கேட்டு வாங்கி நாரெடுத்தாள்.

வெந்நீர் ஆவியில் அமர்ந்திருந்த மகளின் முதுகை அவள் தேய்த்தாள். உருண்டது. பூச்சுக்குப் பின் எதுவும் உருண்டதில்லை. கை சலிக்கச் சலிக்கத் தேய்த்தாள்.

"யம்மா, சொகமா இருக்கு. இத ஏன் இத்தன நாளும் செய்யல நீ?"

"தேய்க்க என்னட்டி இருந்துச்சு? பூசுன செவரத் தேய்ச்ச மாதிரில்லா இருக்கும். இப்பத்தான் ஒனக்கு ஒடம்புன்னு ஒண்ணு வந்திருக்கு."

ஒவ்வொரு செவ்வாயும் ஒவ்வொரு வெள்ளியும் அது நிகழ்ந்தது. உலகம்மாளின் வாழ்நாளில் அவ்வளவு நிறைவான குளியலறைப் பொழுதுகள் வாய்த்ததில்லை. தன் இளமை முழுவதும் அந்த வெந்நீர் ஆவியில் திரும்பி வந்து நிற்பதாக அவளுக்குத் தோன்றியது. பயத்தமாவு இரசாயனம் ஆகாது என்பதனால், இதனை மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

மார்கழியில் பரிசோதனைக்குச் சென்றார்கள். தோலிலிருந்து கசியும் நீரை அளக்கும் கருவியை இளவேனியின் தோளில் வைத்துப் பார்த்த மருத்துவர், கருவியைத் தட்டினார். மீண்டும் வைத்தார். வேறொரு கருவியை எடுத்து வரச் செய்தார்.

"கொஞ்சம்கூட மாறலயே! இந்நேரம் பாதி ஓலையாவது மேஞ்சிருக்கணுமே. வெள்ளையா, பொடிப்பொடியா எதுவும் உதிரலயா?"

"உதிரத்தான் செய்யுது டாக்டரம்மா" என்று பெருமிதத்துடன் சொன்னாள் உலகம்மாள். "நெறைய வருது. நான்தான் ஒட்ட ஒட்டத் தேய்ச்சி எடுத்திருதேனே."

மருத்துவர் கருவியை மேசைமேல் வைத்தார்.

"எதை வச்சுத் தேய்ச்சீங்க?"

"பயத்தமாவும் பீர்க்கங்கா நாரும். மருந்து கிருந்து ஒண்ணும் போடல."

"அம்மா." மருத்துவரின் உரத்த குரல் முதன்முறையாகத் தணிந்தது. "அது அழுக்கு இல்லம்மா. அதுதான் ஓலை."

உலகம்மாள் தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். மகளின் உடம்பு வாரம் முழுவதும் அரும்பாடுபட்டு வேய்ந்ததை, வாரந்தோறும் இந்தக் கைகளே பிய்த்தெறிந்திருக்கின்றன. அவளால் தலை நிமிர முடியவில்லை.

"விடும்மா" என்றாள் இளவேனி. "அம்பாரத்துல ஏறி ஓலையப் பூரா உருவிப் போட்டுட்டு, அவ்வளவு நேர்த்தியா தண்ணி தெளிச்சிருக்க. எங்கப்பா இருந்திருந்தா ஒன்ன அன்னைக்கே கூலி குடுத்து வெளிய அனுப்பியிருப்பாவ."

அவள் சிரிக்க வைக்க முயன்றாள். தாயோ அழுதாள்.

*

அதன் பின்னர்க் குளியல் நின்றது. வெறும் நீரில் நனைத்து, தேய்க்காமல், துணியால் ஒற்றியெடுப்பது மட்டுமே. பொருக்கு மறுபடி படர்ந்தது. உலகம்மாள் அதனை இப்போது பொன்துகளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

ஆயினும் தை பிறந்ததும் புதிய துன்பம் தலைகாட்டியது. முழங்கை மடிப்புகளில் சீழ் கட்டியது. ஓலை வேய்ந்த இடமெல்லாம் வேய்ந்த வேகத்திலேயே அழுகிப் பிரிந்தது.

"இது உங்க தப்பு இல்ல" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் மருத்துவர் பேச்சைத் தொடங்கினார். "இது வேற. அந்தக் காலத்துத் தோலுல கண்ணுக்குத் தெரியாத உயிருங்க கோடிக்கணக்குல குடியிருந்துச்சு. நல்லதுங்க. அதுங்கதான் தோல லேசாப் புளிப்பா வச்சிருக்கும். அந்தப் புளிப்புல கெட்ட கிருமி அண்டாது, ஓலைக்கு நடுவுல கொழுப்பும் நல்லா ஒட்டும். இவளுக்குப் பொறந்த அன்னைக்கே பூச்சு போட்டாச்சு. குடியிருக்க ஒண்ணுமே வரல."

"கடையில கிடைக்காதா?"

"எங்க கிடைக்கும்? உங்க வீட்டுல பால் இருக்கு, சட்டி இருக்கு. உறைமோர் ஒரு சொட்டு இல்லன்னா தயிரு எங்கருந்து வரும்? உறைமோர் எப்பவும் இன்னொருத்தர் வீட்டுலருந்துதான் வந்தாகணும். பிள்ளைக்கு அம்மாகிட்டருந்து வரும். புருஷன் பெண்டாட்டிக்கு ஒருத்தர்ட்டருந்து ஒருத்தருக்குப் போகும். ஒரே பாயில படுத்து எழும்புறவங்க பாதத்த எடுத்துப் பாத்தா, எது யாருதுன்னு பிரிக்கவே முடியாதுன்னு நாங்கல்லாம் படிச்சிருக்கோம். இப்பத்தான் ஊரே பூச்சுக்குள்ள இருக்கே. எல்லார் வீட்டுலயும் சட்டியக் கழுவிக் கவுத்தாச்சு. ஒரு சொட்டு எடுத்து வைக்கணும்னு ஒருத்தருக்கும் தோணல."

அவர் சன்னலுக்கு வெளியே நோக்கினார். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது.

"நம்ம தலைமுறைக்குத் தோலுன்னா என்னன்னே மறந்துபோச்சு. எனக்கு அரிப்பு எடுத்து, சொறிஞ்சு, எத்தன வருஷமாச்சு தெரியுமா? பூச்சு போட்ட எடம் அரிக்காது."

உலகம்மாள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"எனக்கு அரிக்குமே டாக்டரம்மா."

"எங்க?"

அவள் தன் கால்களை உள்ளே இழுத்துக்கொண்டாள். அங்கு இருப்பதற்கே நாணப்படுபவள்போல் தரையைப் பார்த்தாள்.

"மெட்டிக்கு அடியில."

*

உலகம்மாளுக்கும் இசக்கிமுத்துவுக்கும் தை மாதத்தில் திருமணம் நடந்தது. அவ்வாண்டு ஆடியில் பூச்சு வந்தது. இடைப்பட்ட அந்தச் சில மாதங்களே அவர்கள் இருவரும் தோலோடு தோலாக வாழ்ந்த காலம்.

மாலை மயங்கும் வேளையில் அவர் உப்பளத்திலிருந்து வருவார். படியேறும் முன்பே அவர் வாசனை உள்ளே வந்துவிடும். வெயிலில் காய்ந்த பனையோலையும், உப்புத் தண்ணீரும், புளிக்கத் தொடங்கும் பதநீரும் கலந்ததுபோன்ற ஒரு மணம். அடுக்களையில் இருந்தபடியே, திரும்பிப் பாராமலே, "வந்துட்டீயளா?" என்பாள் அவள். "எப்பிடிட்டி பாக்காமயே கண்டுபிடிக்க?" என்று அவர் வியப்பார். அவள் ஒருபோதும் விடை சொன்னதில்லை.

பூச்சு நிலையத்தில் நகைகள் யாவற்றையும் கழற்றச் சொன்னார்கள். உலகம்மாளின் மாமியார் வரிசையை விட்டு முன்னே வந்து நின்றாள். "என்னத்த வேணா பூசுங்க. எம்மருமவ மெட்டி மேல கைய வச்சீயன்னா நடக்கதே வேற" என்றாள். வேறு பெண்கள் கழற்றிப் பூசிக்கொண்டு மறுபடி அணிந்தார்கள். அந்த ஒரு கிழவியின் வாய்க்கு அஞ்சிய பணிப்பெண், இரு கால்களின் இரண்டாம் விரல்களிலும் மெட்டியைச் சேர்த்து ஒட்டுநாடாவால் சுற்றிவிட்டு, சுற்றிலும் தெளித்தாள். மாமியார் மறைந்த பின்னரும் உலகம்மாள் அதே வழக்கத்தைக் கைவிடவில்லை. முதலாண்டில் பயத்தால் செய்தாள். பிற்காலத்தில் வேறொரு காரணத்தால் செய்தாள். மெட்டிக்கு அடியில் ஒரு நூலளவு இடம் வேர்த்தது. காற்று மாறும் நாள்களில் அரித்தது. இன்னொரு கால்விரலால் மெட்டியை மெல்ல உருட்டிவிடுகையில், தான் இன்னும் முழுவதும் மூடப்பட்டுவிடவில்லை என்ற சிறு களிப்பு அவளுக்கு உண்டாகும்.

பூச்சுக்குப் பிறகு இசக்கிமுத்து வாசனையற்ற மனிதரானார். அவர் இறந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய வாசனை இறந்தது அதற்கும் வெகுகாலம் முன்னால். அதற்காக எவரும் துக்கம் கேட்டு வந்ததில்லை.

அவர் மறைந்த பதினாறாம் நாள், அவருடைய அக்கா சண்முகக்கனி முறைப்படி மெட்டியைக் கழற்ற வந்தாள். தாலியைக் கழற்றித் தந்த உலகம்மாள், காலை மட்டும் நீட்டவில்லை.

"கழத்த வரல மதினி. வெரலு வீங்கி இறுகிப்போச்சு."

அன்றிலிருந்து மதினி எப்போது வந்தாலும் முதற்பார்வை கால்மீதுதான். "மெட்டி போட்ட மகராசி எங்கட்டி போயிட்டா?" என்று வாசலிலேயே கேட்பாள். ஊரார் முன்னிலையிலும் கேட்பாள்.

*

மருத்துவர் தரையில் மண்டியிட்டு உலகம்மாளின் காலைத் தன் மடிமீது வைத்து, மெட்டியைச் சற்றே நகர்த்தி உருப்பெருக்கியால் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். எழுந்தபோது அவர் கண்கள் ஈரமாக இருந்தன.

"ரேகை இருக்கு. பொருக்கு இருக்கு. வாசம்கூட லேசா இருக்கும்மா. முழுத் தோலு!"

"எடுத்துக்கிடுங்க."

"சொல்றத முழுசாக் கேளுங்க. சும்மா துடைச்சு எடுத்தா பத்தாது. ரெண்டு வெரல்லயும் அந்தக் கோட்ட அப்பிடியே தோலோட எடுக்கணும். பொறவு புண்ணு ஆறினதும், கிருமி ஏறாம இருக்க, அந்த எடத்துக்கும் பூச்சு போட்டாகணும். மெட்டிய மறுபடி போட்டுக்கலாம். ஆனா அடியில..."

"அடியில அரிக்காது" என்று முடித்தாள் உலகம்மாள்.

"ஆமா."

இளவேனி இடைமறித்தாள். "வேண்டாம்மா. அத்தை அம்புட்டு ஏச்சு ஏசியும் நீ கழத்தல. எனக்காக ஒண்ணும் கழத்தாண்டாம். கண்ணாடிக்கு உள்ள இருந்துட்டுப் போறேன். நீ டெய்லி வந்து பாரு."

"வாய மூடுட்டி" என்றாள் உலகம்மாள்.

மறுநாள் காலையில் மதினி வந்து சேர்ந்தாள். உலகம்மாளே சொல்லியனுப்பியிருந்தாள். அறுவை அறைக்கு வெளியே பெஞ்சில் அமர்ந்து மதினி அனைத்தையும் கேட்டாள். கேட்டு முடித்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அன்னைக்கு நான் கேட்டேன், கழத்தல. இன்னைக்கு டாக்டர் கேட்டா ஒடனே கழத்துதியோ? பெத்தவ நீ. நான் யாரு?"

"நீங்க கேட்டப்ப, அவுக இல்லன்னு என்ன ஒத்துக்கிடச் சொன்னீய மதினி. இவுக எம்மவ இருக்கணும்னு கேக்காவ. ரெண்டும் ஒண்ணா?"

உலகம்மாள் தன் கைப்பையிலிருந்து சிறிய தேங்காயெண்ணெய்ப் புட்டியை எடுத்து மதினியின் கையில் வைத்தாள்.

"நர்ஸம்மா கத்திரி போட்டு வெட்டிருவேன்னு சொல்லுதா. எனக்கு மனசு கேக்கல. ஒங்க தம்பி போட்டது. கழத்துனா நீங்கதான் கழத்தணும்."

சண்முகக்கனி முட்டி நோக, தரையில் அமர்ந்தாள். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மெட்டியைப் பிடித்து லேசாகத் திருகினாள். எவ்விதத் தடையுமின்றி, நனைந்த பழத்தோல்போல் வழுக்கிக்கொண்டு அது அவள் கைக்குள் வந்து விழுந்தது.

"அடிப்பாவி!" மதினி நிமிர்ந்து பார்த்தாள். "வீங்கி இறுகிப்போச்சுன்னு சொன்னியேட்டி!"

"பொய்தான் சொன்னேன்."

"பதினோரு வருசமா?"

"பதினோரு வருசமா."

மதினி சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாயிற்று என்பது இருவருக்கும் தெரியவில்லை. உலகம்மாளின் பாதத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "இத்தன நாளும் இதுக்குள்ள அவனையில்லா வச்சிருந்திருக்க. அவனத்தான் நான் போட்டு ஏசிருக்கேன்போல, ஒன்னய இல்ல" என்று முனகினாள்.

*

நூலளவான அந்த இரு தோற்கீற்றுகளிலிருந்து எடுத்த உயிர்கள் கண்ணாடித் தட்டுகளில் வளர்க்கப்பட்டன. மாசி முழுவதும் அவற்றை இளவேனியின் உடம்பில் தடவினார்கள். குளியல் அறவே தடைசெய்யப்பட்டது. உலகம்மாள் குளியலறைக் கதவுக்குப் பூட்டுப் போட்டு, திறவுகோலை மதினியிடம் ஒப்படைத்தாள். தன் கைகளை அவள் நம்பவில்லை.

"குளிக்காத பிள்ளைக்கு இப்பிடி ஒரு காவலா!" என்று மதினி அங்கலாய்த்தாள். "இவள எவன்ட்டி வந்து கட்டுவான்?"

"நீங்களே சாவிய வச்சிக்கிட்டு இப்பிடிப் பேசுதீயளே அத்தை" என்றாள் இளவேனி.

சீழ் வற்றியது. சிவப்பு அடங்கியது. பொருக்கு உதிர்ந்தும் புதிதாகப் படர்ந்தும் ஓர் ஒழுங்குக்கு வந்தது. உலகம்மாளின் விரற்புண்களும் ஆறின. அவ்விடத்தில் பூச்சு ஏறியது. மெட்டியை அவள் மறுபடி அணியவில்லை. ஒரு வெள்ளைக் கோடு மட்டும் எஞ்சியது. அதனை இன்னொரு விரலால் நெருடிப் பார்க்கும் பழக்கம் சில காலம் தொடர்ந்தது. அங்கே எதுவும் இல்லை. சுவரைத் தடவுவதுபோல் இருந்தது.

பங்குனி பிறந்தது. கருவியைத் தோளில் வைத்து எடுத்த மருத்துவர் அதனை உலகம்மாளிடமே காட்டினார். "நல்லா மேஞ்சிருக்காம்மா. மழையே பேஞ்சாலும் உப்பு கரையாது."

இளவேனி வேலைக்குத் திரும்பினாள்.

முதல்நாள் பணி முடித்து, பேருந்து நிறுத்தத்திலிருந்து வெயிலில் நடந்தே வந்தாள். ஊரார் வாசனையின்றி, வியர்வையின்றி, கசங்காத தாள்களைப்போல் அவளைக் கடந்து சென்றனர். அவளோ நெற்றியும் கழுத்தும் நனைந்து, சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ள, மூச்சிரைக்க வாசலில் வந்து நின்றாள். கூடத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த சண்முகக்கனிதான் முதலில் எதிர்கொண்டாள்.

"வாட்டி என் ராசாத்தி" என்று மருமகளை அணைத்துக்கொண்டவள், அப்படியே அசையாமல் நின்றுவிட்டாள்.

"என்னத்தை? நாறுதா? தெரியும். பஸ்ல பக்கத்துல ஒருத்தரும் உக்காரல. சாவியத் தாங்க, இன்னைக்காவது தண்ணிய ஊத்திக்கிடுதேன்."

மதினி அவளை விடவில்லை. அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்து, இழுத்து மூச்செடுத்தாள். கீரைக்காம்பு அவள் கையிலிருந்து நழுவியது.

"ஏட்டி ஒலகு" என்று அடுக்களைப் பக்கமாக அழைத்தாள். "இங்கன ஓடி வாயேன்."

உலகம்மாள் ஓடி வரவில்லை. வரத் தேவையும் இருக்கவில்லை. அடுப்படியில் முதுகைக் காட்டி நின்றவளின் கை, அகப்பையைப் பிடித்தபடி அந்தரத்தில் நின்றிருந்தது. வெயிலில் காய்ந்த பனையோலையும், உப்புத் தண்ணீரும், புளிக்கத் தொடங்கும் பதநீரும் கூடத்தைக் கடந்து உள்ளே வந்துகொண்டிருந்தன.

அவள் திரும்பிப் பாராமலே கேட்டாள்.

"வந்துட்டீயளா?"

"யம்மா? யார்ட்டப் பேசுத?" என்றபடி இளவேனி அடுக்களைக்குள் நுழைந்தாள். தாயின் முகத்தைக் கண்டதும் தயங்கினாள். "சரி, நாத்தம் தாங்கல போல. இந்தா போய்க் குளிச்சிட்டு வந்திருதேன்."

உலகம்மாள் மகளின் ஈரக் கையைப் பற்றி, மணிக்கட்டைத் தன் முகத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டாள்.

"இப்பக் குளிக்காண்டாம்ட்டி" என்றாள். "செத்த நேரம் இப்பிடியே இரு."